எம்ஜிபி காருக்கு மாற்று சஸ்பென்ஷன் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி பழைய வண்டிதான். ஆனால் அதன் சஸ்பென்ஷனுக்கு வேண்டிய பாகம் ஏறத்தாழ அனைத்தும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு முன் ஸ்பிரிங் தேடினால் நாலைந்து நீளம், நாலைந்து விறைப்பு. ஒரு புஷ் (மூட்டுகளில் செருகும், அடியைத் தாங்கும் உறை) தேடினால் மூன்று வகை ரப்பர், இரண்டு வகை பாலியூரித்தேன். எல்லாவற்றின் கீழும் "எம்ஜிபி-க்குப் பொருந்தும்" என்றே எழுதியிருக்கும்.

தேர்வுக்கு ஒரு வரிசை உண்டு. வண்டி எது என்று உறுதி செய்வது, எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது, பிறகு கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்துத் தண்டு), புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், ஆன்டி ரோல் பார் (வளைவில் உடம்பு உருள்வதைக் குறைக்கும் கம்பி). புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது வண்டியின் உயரம்தான். தேய்ந்த கிங்பின்மேல் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி முன்பைவிட மோசமாக ஓடும். புஷ் தாங்க வேண்டிய அடியைத் தேய்ந்த மூட்டு வாங்கும்.

1. கையில் இருப்பது எந்த எம்ஜிபி?

சேசிஸ் எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள். ஜிஎச்என் என்று தொடங்கினால் திறந்த ரோட்ஸ்டர், ஜிஎச்டி என்றால் மூடிய ஜிடி. அதற்கு அடுத்து வரும் 3, 4, 5 ஆகியவை எந்தத் தொடர் என்பதைச் சொல்லும். ஜிடி-க்குப் பின்பாரம் அதிகம் என்பதால் அதன் ஸ்பிரிங்குகள் வேறு.

அடுத்தது பம்பர். 1974 செப்டம்பர் வாக்கில் குரோம் பம்பர் போய் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. ரோட்ஸ்டரில் 360301, ஜிடி-யில் 361001 என்ற எண்களிலிருந்து இந்த மாற்றம். அமெரிக்க பம்பர் விதிக்காக வண்டியையே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். முன்பக்கம் கிராஸ்மெம்பரை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாற்றினார்கள், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை ஸ்பிரிங்) வளைவைக் கூட்டினார்கள். அதனால் குரோம் பம்பர் ஸ்பிரிங்கும் ரப்பர் பம்பர் ஸ்பிரிங்கும் ஒன்றல்ல.

மூன்றாவது பின் ஆக்சில். ஆரம்பகால ரோட்ஸ்டரில் இருப்பது நடுவில் உருண்டையாகப் புடைத்த பான்ஜோ வகை. ஜிடி-யில் தொடக்கம் முதலே, ரோட்ஸ்டரில் 1967 முதல், குழாய் வகையான சாலிஸ்பரி. பின் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யு-போல்ட், பேட், தட்டு எல்லாவற்றையும் ஆக்சில் வகையைச் சொல்லியே ஆர்டர் செய்யுங்கள்.

நான்காவது விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வண்டிகளின் கடைசி உருப்படிக்கே நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. ரப்பர் பம்பர் வண்டிக்குக் குரோம் காலத்துக் கிராஸ்மெம்பரைப் போட்டவர்கள் உண்டு. ரப்பர் பம்பரைக் கழற்றி வெறும் குரோம் பம்பரை மாட்டியவர்கள் அதைவிட அதிகம். சேசிஸ் எண் தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஆர்டர் எழுதும் முன் வண்டிக்கடியில் படுத்து, இருப்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

2. தேவையானவை

நல்ல டிராலி ஜாக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்ட், நீளமான கடப்பாரை போன்ற நெம்புகோல் ஒன்று, டேப், மார்க்கர், கிரீஸ் கன், டார்க் ரெஞ்ச். நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவிலான யுஎன்எஃப் மரை கொண்டவை, அதனால் அங்குல ஸ்பேனர் செட் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் முனை உருண்டுவிடும்.

செங்கல்லையோ ஜாக்கியை மட்டுமோ நம்பி அடியில் போகாதீர்கள். முன் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை விடுவிக்கும்போது ஸ்பிரிங் பேனுக்கடியில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) ஜாக்கியைக் கொடுத்து மெல்ல இறக்கவேண்டும், அல்லது பேனின் போல்ட்டுகள் இரண்டுக்குப் பதிலாக நீள மரைக்கம்பி போட்டு இறக்கவேண்டும்.

3. டயரைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. "2311" என்றால் 2011-இன் 23-ஆம் வாரம். பத்து வயதைத் தாண்டிய டயரில் தடம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். "வண்டி தூக்கிப் போடுது", "ஒரு பக்கம் இழுக்குது" என்ற புகார்களில் கணிசமான பங்கு இதனால்தான். டயரை மாற்றி, காற்றழுத்தம் சரிபார்த்து, ஓட்டிய பிறகும் குறை நின்றால்தான் பாகங்களுக்குப் பணம் செலவழிக்கவேண்டும்.

4. உயரம் அளப்பதும், சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதும்

சமதளத்தில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நாலு மூலையையும் அழுத்திவிட்டு, ஸ்பிரிங் இயல்பாக உட்காரட்டும். பிறகு சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். பின் மட்கார்டு விளிம்புகள் பழைய தகர வேலையால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லாமல் போகலாம். சந்தேகம் வந்தால் உடம்பின் குரோம் பட்டி வரை அளந்து ஒப்பிடுங்கள்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உடனே அந்தப் பக்க ஸ்பிரிங்கை ஆர்டர் செய்யக் கூடாது. டிஃபரன்ஷியலின் சரியான நடுவில் ஜாக்கி வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். இப்போது பின் ஸ்பிரிங்குகளால் உடம்பைச் சாய்க்க முடியாது, ஏனென்றால் பாரம் ஒரே புள்ளியில் நிற்கிறது. முன்பக்கச் சாய்வு மறைந்தால் குற்றவாளி பின் லீஃப் ஸ்பிரிங். சாய்வு அப்படியே இருந்தால் முன் ஸ்பிரிங், அல்லது அமுங்கிப்போன கிராஸ்மெம்பர் ரப்பர் பேட். முன் மூலை தாழ்ந்திருக்கிறது என்று முன் ஸ்பிரிங் ஜோடியை வாங்கிப் போட்டு, சாய்வு அசையாமல் நிற்பதைப் பார்த்து விழிப்பவர்களைக் காப்பாற்றும் சோதனை இது.

பின் ஸ்பிரிங்தான் என்று தெரிந்தால், இரண்டையும் கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் உறுதி.

5. ஆட்டம் எந்த மூட்டில்?

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12 மணி 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் நின்றால் கிங்பின் அல்லது அதன் மேல், கீழ் மூட்டு. பிரேக் அழுத்தும்போது டிஸ்க்கும் ஸ்டப் ஆக்சிலும் (முன் சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. பேரிங் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஆட்டம் போகவில்லை என்று திரும்புபவர்கள் இந்தச் சோதனையைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

9 மணி 3 மணி இடங்களில் ஆட்டம் என்றால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைப் பாருங்கள்.

அடுத்து, கிங்பின்னின் அடிமுனையில் நெம்புகோலைக் கொடுத்து மேலே தூக்குங்கள். அங்கே கீழ் விஷ்போன் (சக்கரத்தைக் கிராஸ்மெம்பரோடு இணைக்கும் கவட்டை) கைகள் இரண்டையும் இணைக்கும் ஃபல்க்ரம் போல்ட்டும், அதன்மேல் ஒரு டிஸ்டன்ஸ் டியூபும், அதைச் சுற்றி புஷ்ஷும் உண்டு. கிரீஸ் போகாத வண்டியில் முதலில் தேய்வது இங்கேதான். நாளாகிவிட்டால் போல்ட் விஷ்போன் கையின் துவாரத்தையே முட்டை வடிவத்துக்குத் தேய்த்துவிடும். அப்போது போல்ட்டையும் புஷ்ஷையும் மாற்றிப் பயனில்லை, கையையும் மாற்றியாகவேண்டும்.

கடைசியாக, ஷாக்கின் கை அதன் உடலில் செருகும் இடம். சக்கரத்தை ஆட்டும்போது அந்தத் தண்டு முன்பின் அசைந்தால் ஷாக்கின் உள் பேரிங் தேய்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: கம்பிச் சக்கரம் போட்ட வண்டியில், பிரேக் பிடிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் வரும் "டொக்" சத்தம் பலமுறை ஹப்பின் தேய்ந்த ஸ்ப்லைனிலிருந்து (சக்கரம் செருகும் பல்வரிசை) வருவது. சக்கரத்தைக் கழற்றிப் பற்கள் கத்திமுனை போலக் கூர்மையாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். சஸ்பென்ஷனில் எத்தனை புஷ் மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது.

6. கிங்பின்: கிட்டா, முழு அசெம்ப்ளியா?

இரண்டு வழி உண்டு. கிங்பின், புஷ், வாஷர் கொண்ட கிட்டை வாங்கி உங்கள் ஸ்டப் ஆக்சிலிலேயே போடுவது ஒன்று. புதிய கிங்பின் பொருத்தி, ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டு, ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம்) சரிபார்த்த முழு அசெம்ப்ளியைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது இன்னொன்று.

கிட் மலிவு. ஆனால் புதிய புஷ்களை அழுத்தி உள்ளே செலுத்திய பிறகு, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமரால் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ரீமர் எல்லா லேத் பட்டறையிலும் இருக்காது. தேய்த்து, உப்புத்தாள் வைத்து, எப்படியோ நுழைத்துவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், அல்லது சில மாதத்தில் ஆட்டம் திரும்பிவிடும். சரியான ரீமர் உள்ள பட்டறை தெரியவில்லை என்றால் முழு அசெம்ப்ளிதான் வாங்கவேண்டும்.

எதை வாங்கினாலும் ஃபல்க்ரம் போல்ட், டிஸ்டன்ஸ் டியூப், த்ரஸ்ட் வாஷர், சீல் ஆகியவற்றைச் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். பழைய போல்ட் டியூபுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும். வெட்டிய பிறகு ஆர்டர் செய்தால் வண்டி ஸ்டாண்டில் வாரக்கணக்கில் நிற்கும்.

அசெம்ப்ளி கைக்கு வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். கையால் திருப்பினால் சீரான, லேசான இறுக்கத்தோடு சுழலவேண்டும். எங்காவது பிடித்தால் ரீமர் வேலை சரியில்லை. கிரீஸ் கன் போட்டு அழுத்தினால் எல்லா இடத்திலும் கிரீஸ் வெளியே வரவேண்டும். புஷ்ஷின் துளையும் நிப்பிளின் துளையும் நேர் சேராமல் மாட்டிய அசெம்ப்ளிகள் சந்தையில் இருக்கின்றன.

ஒரு பக்கத்துக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் தரவேண்டும், அதுவும் சக்கரம் தரையில் இல்லாமல் தூக்கிய நிலையில். பாரம் இறங்கியிருந்தால் தேயும் பக்கம் அழுந்தி மூடியிருக்கும், கிரீஸ் தேவையில்லாத பக்கம் வழியாகவே வெளியேறிவிடும்.

7. புஷ்: ரப்பர், வி8, பாலியூரித்தேன்

கீழ் விஷ்போனின் உள்முனைக்குத் தொழிற்சாலை போட்டது சாதாரண ரப்பர் புஷ், ஒரு கைக்கு இரண்டு பாதிகள், மொத்தம் எட்டு. எண்ணெய் படும் இடம் என்பதால் சீக்கிரம் உப்பி, பிதுங்கி வெளியே வந்துவிடும்.

எட்டு சிலிண்டர் மாடலான எம்ஜிபி வி8-க்காக வந்த புஷ்ஷின் எண் பிஎச்எச் 1123. உள்ளே இரும்பு உறை, அதோடு ஒட்டவைத்த ரப்பர், ஒரு கைக்கு ஒன்று, மொத்தம் நான்கு. நான்கு சிலிண்டர் வண்டிக்கும் மாற்றமில்லாமல் பொருந்தும். சாலையில் ஓடும் வண்டிக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஸ்டியரிங் துல்லியம் கூடும், அதிர்வு கூடாது. செருகுவதற்கு மட்டும் சிரமம். சோப்புத் தண்ணீரும் நீள போல்ட்டும் வைஸும் வேண்டும். கிரீஸ் தடவிச் செருகாதீர்கள், ரப்பர் கெடும்.

பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும், எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் அதற்கென்று தரும் சிலிகான் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் கீச்சிடும். முன் விஷ்போனில் தாராளமாகப் போடலாம். பின் லீஃப் ஸ்பிரிங்கில் யோசிக்கவேண்டும். வண்டி வளைவில் சாயும்போது லீஃப் ஸ்பிரிங்கும் ஷாக்கிளும் (ஸ்பிரிங்கின் பின்முனையை உடம்போடு இணைக்கும் ஊசலாடும் தட்டுகள்) கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், கடினமான பாலியூரித்தேன் கொடுக்காது. பந்தயத்துக்கு இல்லாத வண்டிக்குப் பின்பக்கம் ரப்பரே போதும்.

ரப்பரிலும் தரம் ஒன்றல்ல. ஓரிரு ஆண்டில் வெடித்துவிடும் புஷ்கள் மலிவான கிட்களில் நிறைய வருகின்றன. முழு கிட்டாக வாங்குவதைவிட, முக்கியமான இடங்களுக்கு நல்ல புஷ்ஷைத் தனித்தனியாக வாங்குவது மேல்.

புஷ் தேர்வு, மாட்டும் முறையையும் நிர்ணயிக்கிறது. வி8 புஷ்ஷிலும் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் புஷ்ஷிலும் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது. அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் நட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தர முறுக்கத்தில் நிற்கும். உயரமும் கூடித் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுதி இறுக்கம். பாலியூரித்தேன் உறைக்குள் தானே சுழலும் என்பதால் எப்போது இறுக்கினாலும் சரி.

8. ஷாக் அப்சார்பர்

எம்ஜிபி-யில் இருப்பது ஆம்ஸ்ட்ராங் நெம்புகை ஷாக். முன்பக்கத்தில் இதற்கு இரட்டை வேலை: அதிர்வை அடக்குவதோடு, இதன் கையேதான் மேல் விஷ்போனும். அதனால் முன் ஷாக்கின் தண்டு ஆடினால் கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) சேர்ந்து ஆடும்.

முதல் சோதனை எளிது. பின் ஷாக்கின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, கையால் நெம்புகையை முழுத் தூரமும் மேலே தூக்கி இறக்குங்கள். இரு திசையிலும் சீரான எதிர்ப்பு இருக்கவேண்டும். நடுவில் கொஞ்சம் தூரம் காலியாகப் போய்ப் பிறகு பிடித்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. மேல் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு (மணல் ஒரு துகள் விழுந்தாலும் வால்வு கெடும்) திறந்து, துளையின் அடிமட்டம் வரை எண்ணெய் நிரப்பி, கையைப் பலமுறை அசைத்து, மறுபடி நிரப்புங்கள். ஷாக் எண்ணெய் அல்லது 20 கிரேடு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில். பிரேக் ஆயில் கூடாது. உள்ளே உள்ள சீல் உப்பிவிடும்.

நிரப்பியும் சரியாகவில்லை, அல்லது தண்டோரம் கசிகிறது என்றால் மாற்றவேண்டியதுதான். பழுதுபார்த்து மாற்றிக் கொடுக்கும் ஷாக்குகளில் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: தண்டுக்குப் புதிய பேரிங் போட்டிருக்கிறீர்களா, சீல் மட்டுமா? கழுவி, பெயின்ட் அடித்து, புதிய எண்ணெய் ஊற்றியது பழுதுபார்ப்பு ஆகாது. பேரிங் தேய்ந்த ஷாக்கில் புதிய சீலும் சில மாதத்தில் கசியும். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். புதியதை மாட்டி, ஓட்டி, கசிவில்லை என்று பார்க்கும்வரை பழைய ஷாக்கைத் திருப்பி அனுப்பவேண்டாம்.

டெலஸ்கோப்பிக் (குழாய்க்குள் குழாய் நகரும்) ஷாக் மாற்று கிட்கள் அதிகம் விற்கின்றன. முன்பக்கத்துக்கானவை பலவற்றில் பழைய ஆம்ஸ்ட்ராங் உடல் மேல் விஷ்போனாக அப்படியே இருக்கும், வால்வு மட்டும் வேலை செய்யாது. ஆக, தேய்ந்த தண்டு பேரிங் அங்கேயேதான் இருக்கிறது. குறையைச் சரிசெய்யாமல் அதன்மேல் இன்னொரு ஷாக்கைத் தொங்கவிட்டது மாதிரி. முழு ஷாக்கையும் எடுத்துவிட்டுத் தனி மேல் விஷ்போன் தரும் கிட்கள் வேறு வகை. விலையும் வேறு வகை. பின்பக்க டெலஸ்கோப்பிக் போட்டால், தாழ்த்திய வண்டியில் ஷாக் தன் அடிமுனையை முட்டுகிறதா என்று பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது முட்டும் ரப்பர் தடுப்பு) வரை அமுக்கிப் பார்த்தே உறுதி செய்யவேண்டும். ரப்பர் பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன் ஷாக் முட்டினால் அதன் பிராக்கெட் வளையும்.

நன்றாகப் பழுதுபார்த்த நெம்புகை ஷாக் நான்கு இருந்தால், தெரு வண்டிக்கு அதற்கு மேல் தேவையில்லை. எண்ணெயை கெட்டியாக்கி இறுக்கம் கூட்டலாம் என்பார்கள். நல்ல ஷாக்கில் கொஞ்சம் பலன் உண்டு. தேய்ந்த ஷாக்கில் அது ஏமாற்று.

9. முன் ஸ்பிரிங்

இப்போதுதான் ஸ்பிரிங். குரோம் பம்பர் காலத்து ரோட்ஸ்டரின் முன் ஸ்பிரிங் விறைப்பு அங்குலத்துக்கு ஏறத்தாழ 348 பவுண்டு, அதாவது மில்லிமீட்டருக்கு 6.2 கிலோ. ஜிடி-க்கு ஏறத்தாழ 480 பவுண்டு, 8.6 கிலோ. பாரமில்லாத நீளமும் வேறு: ரோட்ஸ்டருடையது 9.9 அங்குலம், ஜிடி-யுடையது 9.1. ஜிடி ஸ்பிரிங் நீளத்தில் குட்டையாக இருப்பதால் "இது தாழ்த்தும் ஸ்பிரிங்" என்று நினைத்து ரோட்ஸ்டருக்கு வாங்குபவர்கள் உண்டு. விறைப்பு அதிகமுள்ள ஸ்பிரிங் பாரத்தில் குறைவாகவே அமுங்கும். வெறும் நீளத்தை வைத்து உயரம் சொல்ல முடியாது. நீளம், விறைப்பு இரண்டும் தெரியாமல் வாங்காதீர்கள். "ஹெவி டியூட்டி", "அப்ரேட்டட்" என்பதெல்லாம் அளவு அல்ல. எண்ணைக் கேளுங்கள்.

முன் ஸ்பிரிங் கீழ் விஷ்போனின் ஏறத்தாழ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங் உட்காரும் உயரத்தில் அரை அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் ஏறத்தாழ ஒரு அங்குலம் இறங்கும். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரு அங்குலம் குட்டையான ஸ்பிரிங்கை வாங்கி, வண்டி இரண்டு அங்குலம் இறங்கி, பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்வது அடிக்கடி நடப்பது.

சுருளை வெட்டித் தாழ்த்துவது வேண்டாம். ஏழரைச் சுற்றில் ஒன்றை வெட்டினால் உயரம் குறைவதோடு விறைப்பும் 15 சதவீதம் கூடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் பதியாது. கேஸ் கட்டரால் வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

தெருவில் ஓடும் குரோம் பம்பர் வண்டிக்குச் சொந்த விறைப்பும் சொந்த உயரமும்தான் பெரும்பாலும் சரி. தாழ்த்தியே ஆகவேண்டும் என்றால் ஒரு அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் அமுங்க இடம் குறையும், கீழ் விஷ்போன் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும், ரோல் சென்டர் (உடம்பு உருளும் அச்சுப்புள்ளி) இறங்கி வளைவில் உடம்பு இன்னும் அதிகம் உருளும். ரப்பர் பம்பர் வண்டியைக் குரோம் உயரத்துக்குக் கொண்டுவர விரும்பினால், குட்டை ஸ்பிரிங்கைவிட குரோம் காலத்துக் கிராஸ்மெம்பரே நேர்மையான வழி. ஆனால் ஸ்டியரிங் ராக்கும் அதன் தண்டும் அதனோடு சேர்ந்து பொருந்துமா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். அது ஒரு நாள் வேலை அல்ல.

இரண்டு பக்கமும் ஜோடியாகவே வாங்குங்கள், ஒரே தயாரிப்பு, ஒரே தடவையில்.

10. பின் லீஃப் ஸ்பிரிங்

புதிய லீஃப் ஸ்பிரிங் போட்ட பின் "பின்பக்கம் தூக்கி நிற்குது" என்பதுதான் இந்த வண்டியில் அதிகம் கேட்கும் புகார். மூன்று காரணம். ஜிடி-க்கானதோ ரப்பர் பம்பருக்கானதோ குரோம் ரோட்ஸ்டருக்கு வந்திருக்கலாம். எல்லா மாடலுக்கும் ஒன்றே என்று விற்கப்படும் ஸ்பிரிங் ஏதோ ஒன்றுக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டாவது, புஷ்ஷைத் தொங்கும் நிலையில் இறுக்கியது. மூன்றாவது, புதுப்பட்டை படிய நாளாகும். சில நூறு மைல் ஓடிய பிறகு அளந்தால்தான் உண்மை உயரம்.

பெட்டி வந்ததும் இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து வைத்து, வளைவை ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. கண்ணுக்கே தெரியும் வித்தியாசம் என்றால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள், மாட்டிய பாகத்தை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

கூடவே வாங்கவேண்டியவை: நான்கு யு-போல்ட், புதிய நட்டுகள், ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வரும் ரப்பர் பேட்கள், ஷாக்கிள் தட்டுகள், ஷாக்கிள் புஷ், முன்கண் போல்ட், ரீபவுண்ட் ஸ்ட்ராப், பம்ப் ஸ்டாப். ஸ்ட்ராப் அற்றுப்போனால் வண்டியைத் தூக்கும்போது ஆக்சில் பிரேக் ஹோஸில் தொங்கும். யு-போல்ட் இறுகும்போது நீளும் பாகம், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். தாழ்த்தும் பிளாக் வைத்தால் நீளமான யு-போல்ட் வேண்டும். பழைய நீளத்தில் நட்டின் மரை முழுதாகப் பிடிக்காது.

11. ஆன்டி ரோல் பார்

ஸ்பிரிங் விறைப்பைக் கூட்டுவதற்குப் பதிலாக இங்கே செலவழிப்பது புத்திசாலித்தனம். பார் வளைவில் மட்டும் வேலை செய்யும், நேர்ச்சாலையில் பள்ளத்தை இரு சக்கரமும் ஒன்றாகத் தாண்டும்போது விறைப்பு கூட்டாது. தொழிற்சாலைப் பார்கள் 9/16 அங்குலம், 5/8 அங்குலம் கனத்தில் வந்தன. சந்தையில் 3/4, 7/8 கிடைக்கும். கனம் சிறிது கூடினாலே விறைப்பு வெகுவாகக் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 5/8-இலிருந்து 3/4 போனால் இரண்டு மடங்குக்கு மேல். தெருவுக்கு 3/4 போதும்.

பார் புஷ் வாங்கும்போது பாரின் கனத்தை அளந்தே சொல்லவேண்டும். பின்பக்கப் பார் மட்டும் தனியாகச் சேர்க்காதீர்கள், வண்டி வளைவில் பின்பக்கம் நழுவும். 1977 மாடலிலிருந்து ரப்பர் பம்பர் வண்டியில் இரண்டும் உண்டு. அங்கே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

12. மாட்டிய பின் அலைன்மென்ட்

எம்ஜிபி-யில் சரிசெய்யத் தொழிற்சாலை விட்ட இடம் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மட்டும்: 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது சுமார் 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர். காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 7 டிகிரி, கேம்பர் பாசிட்டிவ் 1 டிகிரி, கிங்பின் சாய்வு 8 டிகிரி. இவை மூன்றுக்கும் சரிசெய்யும் திருகு எதுவும் கிடையாது. இயந்திரம் வேறு எண் காட்டினால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று விடாதீர்கள். ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது கிராஸ்மெம்பர் பேட் அமுங்கியிருக்கிறது, அல்லது தவறான ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது.

முன் ஹப்பில் 0.002 முதல் 0.004 அங்குல இடைவெளி ஷிம்மால் வைக்கவேண்டும். பேரிங்கைக் கழற்றும் எண்ணம் இருந்தால் ஷிம் செட்டையும் ஆர்டரில் சேர்த்துவிடுங்கள், பழைய ஷிம் புதிய பேரிங்குக்குச் சரியாக இருக்கும் என்று நம்பமுடியாது.

அலைன்மென்ட்டைப் பாகங்கள் போட்ட அன்றே செய்யவேண்டாம். 300 மைல் போல ஓடட்டும், ஸ்பிரிங்கும் புஷ்ஷும் படியட்டும். பிறகு நான்கு மூலையின் உயரத்தையும் மறுபடி அளந்து பழைய குறிப்போடு ஒப்பிட்டு, அலைன்மென்ட்டுக்குக் கொண்டு போங்கள். 500 மைலில் யு-போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள். ரப்பர் பேட் அமுங்கியதால் அவை நிச்சயம் தளர்ந்திருக்கும்.